பலெர்மோவில் ஒரு பழைய வில்லாத் தோட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கீரிமலையான் | 9 மார்ச் 2024, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். நான் இத்தாலியில் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் இருக்கிறேன். வந்து இருபத்து நாலு வருடம். முதலில் வீட்டு வேலை, பிறகு தோட்ட வேலை. ஒன்பது வருடமாக ஒரு பழைய வில்லாவின் தோட்டம் என் பொறுப்பு. இடம் நகரத்துக்கு வடக்கே, மொந்தே பெல்லெகிரினோ மலையின் அடிவாரம். அந்த மலை மேலேதான் நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறிப் போகும் சாந்தா ரொசாலியா குகைக் கோயில் இருக்கிறது.

வில்லாவை 18ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு குடும்பம் கோடைக்காலம் கழிக்கக் கட்டியது. இப்போது அந்தக் குடும்பத்தின் ஒரு அம்மாவுக்குச் சொந்தம். தோட்டத்தின் நிலைமையைச் சொல்கிறேன்.

வாசலிலிருந்து வீடு வரை நேர்ப்பாதை. அதன் இரண்டு பக்கமும் 11 கனரி ஈச்ச மரங்கள் இருந்தன. 7 செத்துவிட்டன, அடிக்கட்டைகள் நிற்கின்றன. வீட்டுக்கு இடப்பக்கம் மதில் சூழ்ந்த தோடந்தோட்டம்: தோடை (ஆரஞ்சு), எலுமிச்சை, மாண்டரின் எல்லாம் சேர்த்து 46 மரம். வலப்பக்கம் ஒரு பெரிய ஆஸ்திரேலிய ஆல், நம் ஆலமரம் போலவே விழுது விட்டு நிற்கிறது. வீட்டுக்கு முன்னால் 800 சதுர மீட்டர் புல்தரை. நான் வருவதற்கு முந்தியே ஒரு ஒப்பந்தக்காரர் போட்டது. தெளிப்பான் தண்ணீர் தினமும் வீட்டுச் சுவரில் பட்டுப் பட்டு, கல் உப்புப் பூத்து மாவாக உதிர்கிறது. தோடந்தோட்டத்தின் மேல் மூலையில் ஒரு ஜெப்பியா, வெடித்து வறண்டு கிடக்கிறது.

ஜெப்பியா என்றால் உயரமான இடத்தில் கட்டிய திறந்த தண்ணீர்த் தொட்டி. அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதிலிருந்து புறப்படும் கல் வாய்க்காலுக்குச் சாயா என்று பெயர், தண்ணீர் இறைக்கும் சக்கரத்துக்குச் செனியா. இரண்டும் அரபுதான். 9ஆம் நூற்றாண்டில் வந்த முஸ்லிம் ஆட்சியோடு இந்த முறை இங்கே வேரூன்றியது. பலெர்மோவைச் சுற்றிய சமவெளி முழுக்க ஒரு காலத்தில் இப்படித்தான் இறைப்பு நடந்தது. எனக்கு முதல் நாளே பிடிபட்ட விஷயம் இது. ஊரில் அப்பு துலாவில் இறைக்க, நான் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிய பிள்ளை.

இப்போது பிரச்சினை. ஒரு வடிவமைப்பு நிறுவனம் திட்டம் கொடுத்திருக்கிறது: ஜெப்பியா நீச்சல்குளமாகும், புல்தரை இன்னும் பெரிதாகும், செத்த ஈச்சுகளுக்குப் பதில் அதே இனத்தில் பெரிய மரங்கள் கிரேனில் வரும், தோடந்தோட்டத்தில் பாதி கார் நிறுத்துமிடமாகும். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "இத்தனை வருடம் இந்த மண்ணில் நிற்கிறீர்கள், உங்கள் எண்ணத்தை ஏப்ரல் கடைசிக்குள் எழுதித் தாருங்கள்" என்று கேட்டார். மனதில் நிறைய இருக்கிறது. எதை முதலில் சொல்வது, எப்படி நியாயப்படுத்துவது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

---

நிலவரை | 10 மார்ச் 2024, காலை 7.02

வணக்கம் அண்ணா. சென்னையில் நிலவடிவமைப்பாளராக இருக்கிறேன், வரலாற்றுத் தோட்டங்கள் என் படிப்பின் ஒரு பகுதி. செடிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூன்று கேள்வி.

ஒன்று, அந்த வில்லா பாதுகாக்கப்பட்ட சொத்தா? இத்தாலியின் 2004ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம், கலை அல்லது வரலாற்று மதிப்புள்ள வில்லாக்கள், பூங்காக்கள், தோட்டங்களையும் சேர்த்தே பாதுகாக்கிறது. அப்படி அறிவிக்கப்பட்டிருந்தால், பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் சொப்ரின்தென்சா அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் ஜெப்பியாவைத் தொடவே முடியாது. சிசிலியில் அந்த அலுவலகம் மாநில அரசின் கீழ் வருகிறது.

இரண்டு, பழைய வரைபடம், படங்கள், கணக்குப் புத்தகம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? 1981இல் புளோரன்ஸில் எழுதி அடுத்த ஆண்டு இக்கோமோஸ் என்ற உலக நினைவுச்சின்னப் பாதுகாப்பு அமைப்பு ஏற்றுக்கொண்ட வரலாற்றுத் தோட்டங்களுக்கான சாசனம் ஒன்று உண்டு. தீர ஆராயாமல் சீரமைப்பில் இறங்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது.

மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலும் சண்டை வரும்: எந்தக் காலத்துத் தோட்டத்தை மீட்கப் போகிறோம்? நேர்ப்பாதையும் மதில் சூழ்ந்த பழத்தோட்டமும் 18ஆம் நூற்றாண்டு. ஆஸ்திரேலிய ஆல் அதற்கு முன் வந்திருக்கவே முடியாது, பலெர்மோ தாவரவியல் தோட்டத்துக்கே அந்த இனம் 1845இல்தான் வந்தது. கனரி ஈச்சும் 19ஆம் நூற்றாண்டுச் செல்வந்தர் வீடுகளின் நாகரிகம். ஆக, உங்கள் தோட்டத்தில் குறைந்தது இரண்டு காலம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கிறது. ஒரு காலத்தை மட்டும் உயர்த்தி மற்றதை அழிக்கக் கூடாது என்பதும் சாசனத்தின் நிலைப்பாடு. அண்மையில் போட்ட புல்தரையையும் ஒரு 'காலம்' என்று யாராவது வாதாட வரலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

---

பொள்ளாச்சித் தென்னை | 10 மார்ச் 2024, மாலை 6.48

ஈச்ச மரம் எப்படிச் செத்தது என்று சொல்லுங்கள் தம்பி. மேல் மட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விரித்த குடை மடங்கினாற்போல் தொங்கினவா? அப்படியென்றால் அது நம்ம ஊர்ச் சிவப்புக் கூன்வண்டுதான். நாற்பது வருடமாகத் தென்னையில் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தெற்காசிய வண்டு, மேற்கு ஆசியா வழியாகப் பயணப்பட்டு 1990களில் ஸ்பெயினுக்குள் நுழைந்தது. இறக்குமதி செய்த ஈச்ச மரங்களுக்குள் உட்கார்ந்துகொண்டே போனது.

மரத்தில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே புழு இருந்தால் கரகரவென்று மெல்லுகிற சத்தம் கேட்கும். அடிமரத்தில் பழுப்பு நீர் வடிந்து, புளித்த கள் வாடை அடிக்கும். அந்த நிலைக்கு வந்த மரத்தைக் காப்பாற்றுவது பெரும்பாடு. பச்சைக் காயம் பட்ட மரத்தைத் தேடித்தான் வண்டு வரும், அதனால் வெயில் காலத்தில் மட்டை கழிக்கவே கூடாது. அழகுக்காக வருடா வருடம் மே, ஜூனில் மட்டை சீவுகிறவர்கள் வண்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள்.

செத்த இடத்தில் அதே இனத்தைக் கிரேனில் கொண்டு வந்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிடுங்கி நடுகிற மரத்தில் வெட்டுக்காயம் இல்லாமல் இருக்காது.

---

கீரிமலையான் | 12 மார்ச் 2024, இரவு 11.30

ஐயா சொன்னது அச்சொட்டாகச் சரி. குடை மடங்கினது போலத்தான் ஏழும் போனது. இங்கே 2005 வாக்கில் வண்டு வந்தது. அதன் பிறகு நகரத்தில் எத்தனை ஈச்ச மரம் போயிற்று என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. இன்று காலை மிச்சமுள்ள நாலிலும் காது வைத்துக் கேட்டேன். மூன்றில் சத்தமில்லை. வாசலுக்குக் கிட்ட நிற்பதில் சந்தேகம். காற்று அடித்தபடியால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாளை அதிகாலையில் திரும்பக் கேட்பேன்.

நிலவரை தங்கச்சிக்கு: வில்லா பாதுகாக்கப்பட்ட சொத்துத்தான் என்று அந்த அம்மா சொன்னார். வீட்டில் ஒரு மர அலமாரியில் பழைய காகிதங்கள் இருக்கின்றன, பார்க்க அனுமதி கொடுத்தார். இரண்டு விஷயம் கிடைத்தது. ஒன்று தண்ணீர்க் கணக்கு. இங்கே பாசனத் தண்ணீரை 'சாப்பா' என்ற அளவில் விற்றிருக்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு மண்வெட்டி என்று பொருள். வில்லாவுக்கு எந்தக் கிழமை எத்தனை மணி நேரம் தண்ணீர் முறை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பங்குக் கிணற்றுக்கு இறைப்பு முறை வைப்பது போலவே. இன்னொன்று மங்கிப்போன ஒரு படம். அதில் வீட்டுக்கு முன்னால் புல் இல்லை. கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் பதித்த முற்றம், அதன் நடுவே ஒரு கல் வாய்க்கால்.

பொறுக்க முடியாமல் இன்று பின்னேரம் புல்தரையின் ஓரத்தில், தோடந்தோட்டத்து மதிலுக்குக் கிட்ட மண்வெட்டியால் ஒரு முழ அகலத்துக்குப் புல்லை உரித்துப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் டொக் என்று பட்டது. கையால் மண்ணை வழித்தேன். கல்லில் குடைந்த வாய்க்கால், ஒரு சாண் அகலம், உள்ளே வழவழவென்று இளஞ்சிவப்புப் பூச்சு. மடை அடைக்கிற இடத்தில் பலகை நிற்பதற்கு இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டியிருந்தது. பலகை ஏறி இறங்கி அந்தப் பள்ளம் ஒரு பக்கம் தேய்ந்து கிடந்தது. கன நேரம் அதிலேயே விரலை வைத்துக்கொண்டு இருந்தேன்.

---

நிலவரை | 13 மார்ச் 2024, காலை 6.20

அண்ணா, படித்ததும் உடல் சிலிர்த்தது. ஆனால் தயவுசெய்து இதற்கு மேல் தோண்ட வேண்டாம். கிடைத்ததை அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், மதிலிலிருந்து எத்தனை மீட்டர், எவ்வளவு ஆழம் என்று குறியுங்கள், மேலே ஒரு சாக்கைப் போட்டு மண்ணை மூடிவிடுங்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டியது உங்கள் மேலேயே பழியாகத் திரும்பக் கூடும். அந்த அம்மாவிடம் சொல்லி அவர் மூலமாகச் சொப்ரின்தென்சாவுக்குத் தெரிவியுங்கள். நீச்சல்குளத் திட்டத்துக்கு எதிராக உங்களிடம் இருக்கும் பலமான ஆதாரம் இதுதான், அதை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த வாய்க்கால் வீட்டு முற்றம் வரை போகிறது என்றால் முற்றமும் பழத்தோட்டமும் ஒரே நீரமைப்பைச் சேர்ந்தவை. அப்படியானால் ஜெப்பியாவைத் தனியாகப் பிரித்துக் குளமாக்குவது முதுகெலும்பை உருவுவது போல.

---

மல்லிகைப்பந்தல் | 13 மார்ச் 2024, பிற்பகல் 2.11

வணக்கம் அண்ணா. நான் பிரான்சின் தென்கரையில் நீஸ் பக்கம் ஒரு தோட்டக்குழுவில் வேலை செய்கிறேன். புல்தரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்கு அதில் பட்ட அனுபவம் உண்டு.

ஜூலை மாதம் நம் பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 லிட்டர் வேண்டும். உங்கள் 800 சதுர மீட்டருக்கு 4,000 லிட்டர். பலெர்மோவில் ஆண்டு மழையே 600, 650 மில்லிமீட்டர்தான், அதுவும் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள். கோடையில் பெய்வது கணக்கிலேயே வராது. மத்தியதரைக் கடல் செடிகளுக்குக் கோடைதான் உறங்கும் காலம். ரோஸ்மேரி, லாவெண்டர், மிர்த்து, மஸ்திக் எல்லாம் அப்போது நிறம் மங்கி அப்படியே நிற்கும், முதல் மழைக்குத் துளிர்க்கும். நாம்தான் அதை வாடல் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றி வேரை அழுக வைக்கிறோம்.

பச்சைத் தரை கட்டாயம் வேண்டும் என்று உரிமையாளர் கேட்டால், சின்ன இடத்துக்கு ஒரு வழி இருக்கிறது. இங்கே லிப்பியா என்று விற்கிறார்கள், வறண்ட தோட்டங்களில் புல்லுக்குப் பதிலாகப் போடுகிறார்கள். நாற்றங்காலில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. நம் பொடுதலை! வாய்க்கால் ஓரத்தில் படர்ந்து கிடக்குமே, பாட்டி பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவாரே, அதே செடி. மிதிபடும், அதிகம் வெட்ட வேண்டாம், புல்லை விட மிகக் குறைந்த தண்ணீர் போதும். குளிர்காலத்தில் கொஞ்சம் பழுப்பாகும். பூக்கும்போது தேனீ மொய்க்கும், குழந்தைகள் வெறுங்காலோடு நடந்தால் கவனம். பரவும் செடி, அதனால் நான்கு பக்கமும் கல் விளிம்பு வைத்து அதற்குள் அடக்குங்கள்.

நடவு எல்லாம் அக்டோபர், நவம்பரில் செய்யுங்கள். வசந்தத்தில் நட்டால் வேர் இறங்குவதற்குள் கோடை வந்துவிடும். பெரிய தொட்டிச் செடியைவிடச் சின்னச் செடிதான் சீக்கிரம் பிடிக்கும்.

இத்தாலி, பிரான்ஸ் எல்லையில் லா மோர்தோலாவில் ஹான்பரி தோட்டம் இருக்கிறது. ஷாங்காயில் வணிகம் செய்து பொருள் சேர்த்த தாமஸ் ஹான்பரி 1867இல் வாங்கிய வில்லா, 18 ஹெக்டேர். முடிந்தால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். உலகத்தின் வறண்ட பகுதிகளிலிருந்து செடிகளைக் கொண்டு வந்து நட்டார்கள், சரிவில் நீலக்கத்தாழையும் சோற்றுக் கற்றாழை இனங்களும் நிற்கும் அழகை நாள் முழுக்கப் பார்க்கலாம். இப்போது ஜெனோவா பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்கிறது.

---

இளங்கதிர் | 14 மார்ச் 2024, இரவு 8.05

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். அந்த அம்மாவுக்கு வருமானம் எங்கிருந்து வரும்? 300 வருட வீட்டின் கூரையை மாற்றவே எவ்வளவு ஆகும்? நீச்சல்குளம் இருந்தால் அறைகளை வாடகைக்கு விடலாம், புல்தரை இருந்தால் கல்யாணம் நடத்தலாம். அந்தக் காசு வரவில்லையென்றால் ஒருநாள் சொத்தையே விற்றுவிடுவார். வாங்குகிறவர் உங்களிடம் கருத்துக் கேட்பாரா? தோட்டத்தை அருங்காட்சியகமாக வைத்திருக்க எல்லோராலும் முடியாது. இதற்கு என்ன பதில் என்று யோசித்து எழுதுங்கள்.

---

கீரிமலையான் | 15 மார்ச் 2024, இரவு 10.40

இளங்கதிர் தம்பி, இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பயன்பட்டது. நேற்று முழுக்க இதையே யோசித்தேன். 1950களில் தொடங்கி இங்கே நடந்ததைப் 'பலெர்மோச் சூறை' என்பார்கள். அந்தச் சூறையில் சுற்றுச் சமவெளியின் எலுமிச்சைத் தோட்டங்களை அழித்து அடுக்குமாடி கட்டினார்கள். 1959 நவம்பரில் வில்லா தெலியெல்லாவை இடித்தார்கள், அந்த இடம் நகரத்துக்கு நடுவில் இன்னும் வெற்று நிலமாகக் கிடக்கிறது. விற்றுவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கும் உண்டு.

ஆனால் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். ஜெப்பியாவை அளந்தேன்: 8 மீட்டர் நீளம், 6 அகலம், 2 ஆழம். 96,000 லிட்டர் கொள்ளும். புல்தரைக்கு மட்டும் அது 24 நாளுக்குத்தான் காணும். 46 மரத்துக்கும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, மரத்துக்கு 500 லிட்டர் வீதம் விட்டால் ஒரு முறைக்கு 23,000 லிட்டர். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை எட்டு முறை, 184,000 லிட்டர். ஏறக்குறைய இரண்டு ஜெப்பியா. வீட்டுக் கூரை 400 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 240,000 லிட்டர், அதில் ஐந்தில் ஒன்று வீணானாலும் குளிர்காலத்தில் ஜெப்பியா நிறைந்துவிடும். மிச்சத்தைக் கிணறு கொடுக்க வேண்டும். இந்தத் தோட்டத்தைக் கட்டினவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். அதே ஜெப்பியாவில் குளோரின் போட்டு விட்டால் ஒரு சொட்டும் மரத்துக்கு உதவாது. மரத்துக்கும் புல்லுக்கும் முழுத் தண்ணீரையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். பெய்கிற மழையே குறைந்து வருகிறது, போன கோடையில் எல்லோரும் அனுபவித்தோம். 2021 ஆகஸ்டில் சிராக்கூசா பக்கம் ஃபிளோரிதியாவில் 48.8 பாகை அடித்தது, ஐரோப்பாவிலேயே பதிவான உச்ச வெப்பம்.

கல்யாணம் நடத்தப் புல்தான் வேண்டுமா? கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் முற்றத்தைவிட வடிவான இடம் வேறு எங்கே கிடைக்கும்?

---

காரைக்கொத்தன் | 17 மார்ச் 2024, காலை 5.50

அண்ணே, வணக்கம். காரைக்குடிப் பக்கம் சுண்ணாம்பு வேலை செய்கிறேன், மூன்று தலைமுறை. அந்த இளஞ்சிவப்புப் பூச்சு என்று சொன்னீர்களே, அது சுண்ணாம்பில் சுட்ட ஓட்டுத்தூள் கலந்த சாந்தாக இருக்கும். இங்கே சுர்க்கி என்போம், இத்தாலியில் கொச்சோபெஸ்தோ என்கிறார்கள். ரோமானியர் காலத்திலிருந்து தண்ணீர் நிற்கும் தொட்டிக்கு இதைத்தான் பூசியிருக்கிறார்கள். சுட்ட மண்ணின் தூள் சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீருக்குள்ளும் இறுகும், அதுதான் அதன் பெருமை.

வெடிப்பில் சிமெண்டை மட்டும் அடைத்து விடாதீர்கள். அங்கே கட்டுமானம் மென்மையான கடல்கல் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சிமெண்டு அதைவிடக் கெட்டி, மூச்சு விடாது. ஈரம் கல்லுக்குள்ளேயே நின்று உப்பாகக் கிளம்பி, கல்லைத்தான் தின்னும். வீட்டுச் சுவர் மாவாக உதிர்கிறது என்றீர்களே, அங்கேயும் அடியில் யாராவது சிமெண்டு பூசியிருக்கிறார்களா பாருங்கள்.

முறை இதுதான். பழைய பூச்சைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள், டொப் டொப் என்று பொள்ளல் சத்தம் வருகிற இடத்தை மட்டும் எடுங்கள், கணீரென்று கேட்கிற இடத்தைத் தொடவே வேண்டாம். வெடிப்பைப் பிரித்து, செடி வேரைப் பிடுங்கி, நன்றாக நனைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்கு, ஓட்டுத்தூளும் மணலும் சேர்ந்து இரண்டரை அல்லது மூன்று பங்கு. மெல்லிய அடுக்காக இரண்டு மூன்று தடவை பூசி, ஒவ்வொரு அடுக்கும் பாதி இறுகும்போது கரணையால் அழுத்தி அழுத்தித் தேயுங்கள். ஈரச்சாக்குப் போட்டு வாரக்கணக்கில் காயவிடாமல் காக்க வேண்டும். கோடையில் இந்த வேலையைத் தொடாதீர்கள், காய்ந்து பிளந்துவிடும். இங்கே நாங்கள் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்போம், அங்கே அது வழக்கமில்லை. அந்த ஊர்ச் சாந்துக்கு அந்த ஊர்க் கொத்தனாரைக் கேளுங்கள், பழைய வேலை தெரிந்த ஒருவர் எங்காவது இருப்பார்.

---

மல்லிகைப்பந்தல் | 17 மார்ச் 2024, பகல் 12.30

அண்ணா, ஒரு சந்தேகம். தண்ணீர் இவ்வளவு அரிதென்றால் வாய்க்காலில் விடுவது வீண் அல்லவா? சொட்டுநீர் போட்டால் பாதித் தண்ணீரில் காரியம் முடியும். எங்கள் குழு எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்கிறது. மரபு என்பதற்காக ஆவியாகப் போகிற முறையைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடாக இல்லை.

---

பொள்ளாச்சித் தென்னை | 17 மார்ச் 2024, இரவு 7.15

அம்மா, புதுக் கன்றுக்கு நீங்கள் சொல்வது சரி. அறுபது, எழுபது வருடம் பாத்தித் தண்ணீர் குடித்துப் பழகிய மரத்தின் வேர், கிளை விரிந்த அகலத்துக்கும் அதைத் தாண்டியும் போயிருக்கும். அதற்குத் திடீரென்று இரண்டு சொட்டுவாய் மட்டும் வைத்தால் சுற்றியுள்ள வேர் காய்ந்து மேல்கிளை பட்டுப்போகும். தென்னையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாற்றுவதாக இருந்தால் மரத்தைச் சுற்றி வட்டமாகப் பல சொட்டுவாய் வைத்து, இரண்டு மூன்று வருடத்தில் படிப்படியாக மாற்ற வேண்டும்.

பாத்தி கட்டினாலும் தண்டில் தண்ணீர் படவே கூடாது. தண்டைச் சுற்றி மண்ணை அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே வட்ட வாய்க்கால். இல்லையென்றால் தண்டில் பிசின் வடியும் நோய் வரும்.

---

கீரிமலையான் | 18 மார்ச் 2024, இரவு 11.05

ஐயா சொல்லும் பிசின் நோய்தான் 19ஆம் நூற்றாண்டில் சிசிலித் தோட்டங்களை உலுக்கியது. அதன் பிறகுதான் கசப்பு நாரத்தை வேர்க்கன்றில் ஒட்டுக்கட்டும் வழக்கம் இங்கே பரவியது. எங்கள் 46 மரமும் அந்த வேரில்தான் நிற்கின்றன. சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும், பிசின் நோயைத் தாங்கும். ஆனால் திரிஸ்தேசா வைரசுக்கு அது பலியாகிவிடும். புதிதாக நடுகிறவர்கள் இப்போது வேறு வேர்க்கன்று எடுக்கிறார்கள், அதில் சில இனம் சுண்ணாம்பு மண்ணில் இலை வெளுத்து நிற்கிறது. இதற்கு நல்ல முடிவு இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. வீணாய்ப் போன எலுமிச்சை இரண்டு. கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வரும் மால் செக்கோ என்ற பூஞ்சை நோய். வெட்டி எரித்துவிட்டோம்.

மல்லிகைப்பந்தல் தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி. என் எண்ணம் இதுதான்: வாய்க்கால் வழியாக வட்டப் பாத்திக்கு, அதிகாலையில், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஆழமாக. வாய்க்கால் பூச்சுச் சரியாக இருந்தால் வழியில் ஒழுகாது. புதுக்கன்றுகளுக்கும் வேலியோரச் செடிகளுக்கும் சொட்டுநீர். இங்கத்தைய பழைய ஆட்கள் எலுமிச்சையை ஜூன், ஜூலையில் இலை சுருளும் வரை தண்ணீர் காட்டாமல் விட்டு, பிறகு நிறைய விடுவார்கள். அந்த அதிர்ச்சியில் மரம் ஆகஸ்ட், செப்டம்பரில் திரும்பப் பூக்கும். அடுத்த கோடையில், சந்தையில் எலுமிச்சை இல்லாத நேரத்தில் பச்சைக் காய் கிடைக்கும். அதை வெர்தெல்லி என்பார்கள். திறந்து மூடும் மடை இருந்தால்தான் அப்படி மரத்தோடு பேசி வேலை வாங்க முடியும்.

சிசிலியின் அகிரிஜெந்தோவில், பழைய கிரேக்கக் கோயில்கள் நிற்கும் 'கோயில்களின் பள்ளத்தாக்கு'க்குள் கொலிம்பெத்ரா என்ற பழந்தோட்டம் இருக்கிறது. கைவிடப்பட்டுக் கிடந்ததை, இத்தாலியின் பாரம்பரிய இடங்களைக் காக்கும் ஃபாய் அறக்கட்டளை 1999இல் பொறுப்பெடுத்து, வாய்க்காலும் ஜெப்பியாவுமாகத் திரும்ப ஓட வைத்தது. கட்டணம் கொடுத்து மக்கள் வந்து பார்க்கிறார்கள். அந்த அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். எழுதுவதைவிட அது வேலை செய்யும்.

---

நிலவரை | 19 மார்ச் 2024, காலை 7.30

கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள் அண்ணா. எழுதித் தருவதில் வரிசை இப்படி இருக்கட்டும் என்பது என் யோசனை: முதலில் தண்ணீர் வரும் வழி, பிறகு தரை, அதற்குப் பிறகு மரம், கடைசியில் பூச்செடி. வரைபடத்தில் எல்லோரும் கடைசியிலிருந்து தொடங்குவதால்தான் இத்தனை குழப்பம். நேர்ப்பாதையில் ஈச்சு வைத்தே ஆக வேண்டும் என்றால், அந்த வரிசையின் உயரமும் இடைவெளியும்தான் முக்கியம், இனம் அதற்கு அடுத்தது. உயிரோடு இருக்கும் நான்கையும் காத்து, காலி இடங்களை இரண்டு மூன்று வருடம் அப்படியே விடலாம். அவசரப்பட ஒன்றுமில்லை.

---

கீரிமலையான் | 2 ஜூன் 2024, இரவு 9.20

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஏப்ரலில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன், என் மகள் இத்தாலிய மொழியைத் திருத்தினாள். அந்த அம்மா கொலிம்பெத்ராவுக்கு வந்தார். அங்கே ஒரு முதியவர் மடையைத் திறந்துவிட, தண்ணீர் இலைச்சருகைத் தள்ளிக்கொண்டு போனதை நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மே மாதம் அரசாங்கம் சிசிலிக்கு வறட்சி நெருக்கடி அறிவித்தது. அடுத்த கிழமை கூப்பிட்டார்.

நீச்சல்குளம் இல்லை. ஜெப்பியா திருத்தப்படும், சொப்ரின்தென்சாவுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. புல்தரைக்கு இனித் தண்ணீர் விடுவதில்லை. ஆனால் கார் நிறுத்துமிடத்தை விடவில்லை. கீழ் ஓரத்து ஒன்பது மரம் போகப் போகிறது. அதில் ஒன்று தார்திவோ தி சியாக்குல்லி, மார்ச் வரை மரத்திலேயே நிற்கும் மாண்டரின், பலெர்மோவுக்கே உரியது. ஒன்பது வருடம் பார்த்த மரம். மொட்டுக் கட்டுவதற்குக் குச்சி எடுத்து வைத்திருக்கிறேன். வாசலுக்குக் கிட்ட நின்ற ஈச்சும் போய்விட்டது, ஐயா.

---

காரைக்கொத்தன் | 3 ஜூன் 2024, காலை 5.40

அக்டோபர் வரை பொறுங்கள் அண்ணே. அதற்குள் சுண்ணாம்பை ஊறப்போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

---

கீரிமலையான் | 18 மே 2025, இரவு 10.10

ஒரு வருடம் கழித்து வருகிறேன். போன அக்டோபரில் நகரத்தில் பல பகுதிக்கு முறை வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதே மாதம்தான் ஜெப்பியாப் பூச்சு நடந்தது. மொன்ரியாலே பக்கத்திலிருந்து எழுபது வயதுக் கொத்தனார் வந்தார். காரைக்கொத்தன் தம்பி சொன்னது போலவே முதலில் சுத்தியால் தட்டிக் காது கொடுத்தார். முக்கால்வாசிப் பழைய பூச்சுக் கணீரென்று இருந்தது. அதைத் தொடாமல் விட்டார். ஐந்து கிழமை ஈரச்சாக்கு மாற்றியது நான்தான்.

கூரைத் தண்ணீரை ஜெப்பியாவுக்குத் திருப்பினோம். பழைய சுடுமண் குழாய் வரிசை ஒன்று மதிலுக்குள்ளேயே இருந்தது, ஏழு குழாய் மட்டும் உடைசல். ஏப்ரலில் மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தது. தவளை தானாகவே வந்துவிட்டது, சிசிலியின் வர்ணத் தவளை.

புல் இருந்த இடத்தில் கூழாங்கல் முற்றத்தின் ஒரு பகுதி வெளிவந்திருக்கிறது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிச்சத்தில் கல் இல்லை. அங்கே கல் விளிம்புக்குள் பொடுதலை போட்டோம். வீட்டுச் சுவர் உதிர்வது குறைந்திருக்கிறது. படியோரம் தொட்டிகளில் ஈழத்தலரி வைத்தேன். பலெர்மோக்காரர்கள் அதைப் பொமேலியா என்று தங்கள் ஊர்ப் பூவாகவே கொண்டாடுகிறார்கள். குளிர்காலத்தில் துளிர் கருகாமல் இருக்க ஒவ்வொரு கிளை நுனியிலும் முட்டைக்கோது கவிழ்த்து வைப்பார்கள். அந்த அம்மாவே டிசம்பரில் இருபது கோது சேர்த்துக் கொண்டு வந்து தந்தார்.

நேற்று விடியற்காலை ஐந்தரைக்கு முதல் மடையைத் திறந்தேன். தண்ணீர் உடனே வரவில்லை. பூச்சின் மேல் படிந்திருந்த தூசை நனைத்துக்கொண்டு, நாக்கை நீட்டுவது போல மெல்ல மெல்ல வந்தது. மதில் ஓரம் திரும்புகிற இடத்தில் கொஞ்ச நேரம் தேங்கி நின்று, பிறகு போனது. மண்வெட்டியால் பாத்தி வாயை வெட்டி விட்டேன். மேல் வரிசை மாண்டரினுக்குப் போய்ச் சேர பதினொரு நிமிடம். அந்த அம்மா வீட்டு உடுப்போடு வந்து நின்று, அடுத்த மரத்துக்கு மாற்றுவதைத் தான் செய்யலாமா என்று கேட்டார். மண்வெட்டியைக் கொடுத்தேன்.

குச்சியெடுத்த சியாக்குல்லி மாண்டரினில் மூன்று ஒட்டு பிடித்திருக்கிறது.

---

பொள்ளாச்சித் தென்னை | 19 மே 2025, காலை 6.05

ரொம்ப சந்தோஷம் தம்பி. மிச்சமுள்ள மூன்று ஈச்சிலும் இந்த வாரமே காது வைத்துக் கேட்டுவிடுங்கள். சூடு ஏறிவிட்டது, வண்டு பறக்கிற நேரம். பொறி வைப்பதானால் மரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தள்ளித் தோட்ட எல்லையில் வையுங்கள்.